மானியம் ஆளைப் பார்க்காது, சர்வே நம்பரைப் பார்க்கும்: வாசகர் கேள்வி – பதில்

தமிழ்நாடு – கேரள எல்லையில் கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் செக்போஸ்ட்டுகளுக்கு இரு பக்கமும் இருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சோலார் பம்பு, சாண எரிவாயு, நார்க்கழிவு மானியம் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து விடை தருகிறோம். முன்கூட்டியே ஒன்று: சோலார் பம்புக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டமும், சாண எரிவாயுவுக்கு உதவும் தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தின் முதல் கட்டமும் 2026 மார்ச் வரைக்கான கெடுவோடு அறிவிக்கப்பட்டவை. அதனால் எந்த அலுவலகத்தில் ஏறினாலும், “இந்த நிதியாண்டுக்கு இலக்கு வந்திருக்கிறதா?” என்று முதலில் கேளுங்கள். இலக்கு இல்லாத காலத்தில் கொடுத்த மனு கோப்புக் கட்டுக்குள் கிடக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: வீடு, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஆனைமலையில். நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு மட்டும் மீனாட்சிபுரம் தாண்டி கேரளத்தில். சோலார் பம்புக்கு எந்த மாநிலத்தில் மனுக் கொடுப்பது? (ஆனைமலை வாசகர்)

நிலம் எங்கே இருக்கிறதோ அங்கே. நீங்கள் எந்த ஊரில் ஓட்டுப் போடுகிறீர்கள் என்பதை இந்தத் திட்டம் கேட்பதில்லை. பம்பு விலையில் 30 சதவீதம் மத்திய அரசின் மானியம், இன்னொரு 30 சதவீதம் மாநில அரசின் மானியம். தன் எல்லைக்குள் இல்லாத நிலத்துக்கு எந்த மாநிலமும் தன் பங்கைத் தராது. தமிழ்நாட்டில் இதை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. அங்கே பட்டா, சிட்டா, அடங்கல் கேட்பார்கள். உங்கள் தோப்புக்கு அவை கிடையாது. நீங்கள் போக வேண்டியது கேரள அரசின் மரபுசாரா எரிசக்தி நிறுவனமான அனெர்ட் அமைப்பின் பாலக்காடு மாவட்ட அலுவலகம்.

கொண்டுபோக வேண்டியவை: நடப்பு ஆண்டுக்குக் கரம் (நிலவரி) கட்டிய ரசீது, வில்லேஜ் ஆபீஸில் வாங்கிய கைவசச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மின் இணைப்பு இருந்தால் கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) கன்ஸ்யூமர் நம்பர். எல்லையோரக்காரர்களின் மனு பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், கேரள நிலப் பத்திரத்தில் தகப்பனார் பெயரோ வீட்டுப் பெயரோ சேர்ந்து இன்னொரு பெயர். இருவரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசர் தரும் சான்றை முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு நடை மிச்சம். தோப்பு இன்னும் பாகம் பிரிக்காமல் அண்ணன் தம்பி பெயரில் கிடந்தால், மற்றவர்களின் எழுத்துமூலமான சம்மதமும் வேண்டும்.

அடுத்து எந்தப் பிரிவு என்பது. மின் இணைப்பே இல்லாத கிணறு, டீசல் மோட்டார் ஓடும் கிணறு என்றால் ‘பி’ பிரிவு, அதாவது தனித்து ஓடும் சோலார் பம்பு, 7.5 எச்.பி. வரை மானியம். ஏற்கெனவே கே.எஸ்.இ.பி. இணைப்பு இருந்தால் ‘சி’ பிரிவு. அதில் மோட்டார் திறனைப் போல இரண்டு மடங்கு வரை பேனல் வைக்கலாம், 5 எச்.பி. மோட்டாருக்கு ஏறக்குறைய 7.5 கிலோவாட் வரும். இறைத்தது போக மிச்ச மின்சாரம் வாரியத்துக்குப் போகும், அதற்குப் பணம் வரும். விற்கிற ஆள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: மின் கட்டமைப்போடு கட்டிய இந்த அமைப்பு, வாரியத்தின் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர்மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் பேனல் காய்ந்துகொண்டிருக்க மோட்டார் ஓடவில்லை என்று பிறகு சண்டைக்குப் போவதில் பயனில்லை.

மிச்சம் 40 சதவீதம் உங்களுடையது. அதில் 30 சதவீதம் வரை வங்கிக் கடனாகப் போகலாம், 10 சதவீதம் கையிலிருந்து. ஆனால் இந்தச் சதவீதமெல்லாம் அரசு வைத்த அடிப்படை விலை, டெண்டர் விலை இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான். கூடுதல் ஆழத்துக்கான குழாய், நீளமான கேபிள், உயரமான ஸ்டாண்டு எல்லாம் முழுக்க உங்கள் கணக்கு. கடனுக்கு நிலத்துக்குப் பக்கத்தில் உள்ள கிளையையே பாருங்கள். கேரள நிலத்தை அடமானமாக ஏற்க பொள்ளாச்சிக் கிளை தயங்கும்.

நிலம் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ளவர்களுக்கு எங்கள் கருத்து வேறு. இலவச மின் இணைப்பு ஏற்கெனவே இருப்பவருக்குச் சோலார் பம்பால் பெரிய லாபம் இல்லை. இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்குத்தான் இது அர்த்தமுள்ள செலவு. ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு, குறு விவசாயிகளுக்கு அங்கே கூடுதல் மானியமும் உண்டு. மின்வாரிய வரிசையில் உங்கள் இடம் என்னவாகும் என்று உறுதிமொழிப் படிவத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் போர் 650 அடி. தண்ணீர் 300 அடியில் நிற்கிறது. 5 எச்.பி. சோலார் பம்பு ஐந்து ஏக்கர் தென்னைக்குப் போதுமா? கம்பெனிக்காரர் “தாராளம்” என்கிறார். (எருத்தேம்பதி வாசகர்)

எச்.பி.யை வைத்து விடை சொல்ல முடியாது, மொத்தத் தூக்கு உயரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். 300 அடி என்பது 91 மீட்டர். சொட்டுநீர்க் குழாய்க்கு வேண்டிய அழுத்தம் 10 மீட்டருக்குச் சமம், குழாய் உராய்வு இன்னும் சில மீட்டர். ஆக 105 மீட்டர் பக்கம் வரும். அதுவும் பம்பு ஓடும்போது நீர்மட்டம் கீழே இறங்காமல் இருந்தால்.

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமான எம்.என்.ஆர்.இ.யின் தர அளவுப்படி டி.சி. பம்பு, பேனலின் ஒரு வாட்டுக்கு நாளொன்றில் 30 மீட்டர் உயரத்துக்கு 35 லிட்டர், 50 மீட்டருக்கு 21 லிட்டர், 70 மீட்டருக்கு 14 லிட்டர், 100 மீட்டருக்கு 9.5 லிட்டர் தர வேண்டும். ஏ.சி. பம்பு இதைவிடச் சற்றுக் குறைவு. 5 எச்.பி.க்கு 4,800 வாட் பேனல். 540 வாட் பேனலாக இருந்தால் 9 வரும். 100 மீட்டருக்கு 4,800 × 9.5 = 45,600 லிட்டர். கம்பெனிக்காரர் காட்டுவது இந்த எண்ணாகத்தான் இருக்கும். அது சதுர மீட்டருக்கு 7.15 யூனிட் கதிர்வீச்சு விழும் நாளைக்கான கணக்கு. மாசி, பங்குனியில் நமக்கு 6 யூனிட் என்று வைத்தால் 38,000 லிட்டர். ஆடி மூடாப்பில் பாதிகூட வராது. ஆனால் கணவாய்ப் பக்கம் அப்போது மழையும் இருக்கும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

தென்னைக்குக் கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் தேவை. ஏக்கருக்கு 70 மரம், ஐந்து ஏக்கருக்கு 350 மரம், 35,000 லிட்டர். போதும், ஆனால் தாராளம் இல்லை. வாய்க்கால் வெட்டி வட்டப்பாத்தியில் பாய்ச்சுகிறவர் என்றால் போதவே போதாது. முதலில் சொட்டுநீர், அப்புறம் சோலார்.

இன்னொரு தடையும் இருக்கிறது. நிலத்தடி நீர் மிகவும் சுரண்டப்பட்ட இடங்களில் புதிய சோலார் பம்புக்குக் குசும் மானியம் கிடையாது. ஏற்கெனவே ஓடும் டீசல் பம்பை மாற்றலாம், அதுவும் நுண்ணீர்ப் பாசனம் இருந்தால். பாலக்காடு சித்தூர் வட்டாரம் முன்பு அப்படி வகைப்படுத்தப்பட்டிருந்த இடம். இந்த வகைப்பாடு அவ்வப்போது மாறும், ஆகவே உங்கள் பஞ்சாயத்து இன்றைக்கு எந்த வகையில் இருக்கிறது என்று நிலத்தடி நீர்த் துறையில் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள். (இணையத்தில் தேடும்போது ஆந்திரச் சித்தூரின் பட்டியலை எடுத்துவிடாதீர்கள். நடக்கிறது.)

பேனல் வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். பேனல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒரு பேனலில் ஒரு தென்னை ஓலையின் நிழல் விழுந்தால் அந்த ஒன்று மட்டும் குறையாது, வரிசை முழுவதும் இறங்கும். காலை 9 முதல் மாலை 4 வரை நிழல் படாத இடம் தோப்புக்குள் அபூர்வம். வரப்பு ஓரமோ களத்து மேடோ பாருங்கள். தெற்குப் பார்த்து 10 முதல் 12 பாகைச் சாய்வு போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அஸ்திவார போல்ட்டுகளை ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை வைகாசியில், முறுக்கிவிட வேண்டும். எர்த்திங்கும் இடிதாங்கியும் போடாமல் போனால் முதலில் போவது கன்ட்ரோலர். போரில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் காய்வு ஓட்டப் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று ஆட்கள் கிளம்பும் முன் உங்கள் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

5 ஆண்டுப் பராமரிப்பும் காப்பீடும் விலைக்குள் அடக்கம். பேனலின் சீரியல் எண்களைப் படம் எடுத்து வையுங்கள், காப்பீடு கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும். ஆண்டில் பாதி நாள் பம்பு சும்மா நிற்கும் என்பதால், யுனிவர்சல் கன்ட்ரோலர் கிடைத்தால் அதையே கேளுங்கள். தீவனம் வெட்டும் இயந்திரம், மாவு மில் ஆகியவற்றை அதே பேனலில் ஓட்டலாம்.

கேள்வி: ஆறு சீமை மாடுகள் வைத்திருக்கிறோம். கோபர் கேஸ் போட வந்தவர் 6 கன மீட்டர் போடுங்கள், மானியம் அதிகம் என்கிறார். பக்கத்து வீட்டில் போட்டது ஒரே வருஷத்தில் நின்றுவிட்டது. என்ன செய்வது? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

சாணியை எடை போடுங்கள், அப்புறம் கலனைப் பற்றிப் பேசலாம். ஒரு கன மீட்டர் எரிவாயுவுக்குத் தினம் 25 கிலோ சாணி வேண்டும். கலப்பினப் பசு 12 கிலோ போடும் என்று வைத்தால் ஆறு மாட்டுக்கு 72 கிலோ. மேய்ச்சலில் விழுவது, மண்ணோடு கலந்தது, வேண்டியவர் வாங்கிப் போவது எல்லாம் கழித்தால் 50, 60 கிலோதான் தொட்டிக்கு வரும். அது 2 கன மீட்டர் கலனுக்குச் சரியான தீனி. 6 கன மீட்டருக்கு 150 கிலோ வேண்டும்; மூன்றில் ஒரு பங்கு தீனியில் அது வாயுவும் தராது, அழுத்தமும் தராது. ஐந்து பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு ஒன்றேகால், ஒன்றரை கன மீட்டர் போதும். 2 கன மீட்டர் கலன் முழுசாக வேலை செய்தால் மாதம் ஏறக்குறைய 26 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். இரண்டு சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு.

2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில் மத்திய உதவி கலன் அளவை ஒட்டியது: பொதுவான பகுதிகளில் 1 கன மீட்டருக்கு 9,800 ரூபாய், 2 முதல் 4 கன மீட்டர் வரை எதுவானாலும் 14,350, 6 கன மீட்டருக்கு 22,750. அந்த எட்டாயிரத்துச் சொச்சத்துக்காக மூன்று மடங்கு கலன் கட்டினால் செங்கல், சிமெண்ட், கூலியில் அதைப்போலப் பல மடங்கு போய்விடும். கட்டி முடித்த கலனுக்குப் பிற்பாடு மனுக் கொடுத்தால் கிடைக்காது. முதலில் பதிவு, அப்புறம் குழி. அங்கீகாரம் பெற்ற ஆள்தான் கட்ட வேண்டும். 5 ஆண்டுப் பராமரிப்பும் அவர் பொறுப்பு. வாயு எரிவதைப் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே பணம் வரும்.

எது நல்லது, தீனபந்துவா மிதக்கும் கலனா? தீனபந்து முழுக்க மண்ணுக்கடியில் கட்டும் செங்கல் குவிமாடம். செலவு குறைவு, துருப்பிடிக்க இரும்பு இல்லை. ஆனால் கொத்தனார் கை சுத்தமாக இல்லாவிட்டால் குவிமாடத்தில் மயிரிழை வெடிப்பு விழும், வாயு மண்ணுக்குள் போகும். உள்பூச்சை முடித்ததும் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்காமல் மண் மூட விடாதீர்கள். மிதக்கும் கலனில் வாயு எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் தெரியும், அழுத்தம் சீராக இருக்கும். இரும்பு என்றால் ஆண்டுதோறும் பெயின்ட், ஃபைபர் என்றால் விலை. கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, அடுப்பிலிருந்து கூடியவரை பக்கத்தில், மர நிழல் இல்லாத இடத்தில் வையுங்கள்.

பக்கத்து வீட்டுக் கலன் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டுத்தாரையைக் கழுவும் ஹோஸ்தான். சாணிக்கும் தண்ணீருக்கும் சரிக்குச் சரி என்பது கணக்கு. சிமெண்ட் தரையில் ஹோஸ் பிடித்து எல்லாவற்றையும் தொட்டிக்கே விட்டால் ஒன்றுக்கு ஐந்து, ஆறு ஆகிவிடும். முப்பது நாளாவது உள்ளே ஊற வேண்டிய கரைசல் பத்து நாளுக்குள் வெளியே போய்விடும், நுண்ணுயிரும் அதோடு போகும். சாணியை முதலில் மண்வெட்டியால் அள்ளுங்கள், பிறகு கழுவுங்கள், கழுவிய நீரைப் புல் காட்டுக்குத் திருப்பிவிடுங்கள். பினாயில் ஊற்றிக் கழுவிய நீரும், மடி நோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் சாணியும் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. மணலும் வைக்கோலும் அப்படித்தான்: மணல் அடியில் தங்கிக் கொள்ளளவைத் தின்னும், வைக்கோல் மேலே ஏடாகக் கட்டி வாயுவை அடைக்கும்.

முதல் நிரப்பில் 10, 15 நாள் காத்திருக்க வேண்டும். முதலில் வரும் வாயுவில் கரியமில வாயுவே அதிகம், பற்றாது. திறந்துவிட்டு வெளியேற்றுங்கள். ஓடுகிற கலன் திடீரென்று நின்றால் இந்த வரிசையில் பாருங்கள்: குழாயின் தாழ்வான இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, அங்கே நீர் வடிக்கும் வால்வு இருக்கிறதா, பிறகு மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு, பிறகு பர்னர், அது சாண எரிவாயுவுக்கானதா, இல்லை சிலிண்டர் அடுப்பையே மாட்டியிருக்கிறார்களா, கடைசியில் கரைசலின் புளிப்பு. லிட்மஸ் தாள் சிவந்தால் ஒரு வாரம் தீனியை நிறுத்தி, தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். எது ஆனாலும் கலனுக்குள் ஆள் இறங்கக் கூடாது. காலி செய்து நாள் கணக்கில் திறந்து வைத்திருந்தாலும் அடியில் நச்சு வாயு தங்கும். இறங்கியவரும் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து செத்த விபத்துகள் நாட்டில் பல.

நாளொன்றுக்கு 100 லிட்டர் கரைசல் வெளியே வரும். அது போக இடம் முடிவு செய்யாமல் கலன் கட்டாதீர்கள். ஈரமாகவே தென்னம்பாத்திக்கு விடுவது நல்லது. காயப்போட்டால் தழைச்சத்து ஆவியாகும்.

கேள்வி: வேலந்தாவளம் வழியாகக் கோழிக்கழிவு மலிவாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள எங்கள் கோபர் கேஸுக்கு அதைப் போடலாமா? (கிணத்துக்கடவு வாசகர்)

வேண்டாம். கழிவு ஏற்றி எல்லை தாண்டும் வண்டியை இப்போது இரு பக்கமும் பிடிக்கிறார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் கொட்டிய மருத்துவக் கழிவைத் திரும்ப அள்ளிப் போகும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரளத்துக்கு உத்தரவிட்ட பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. அந்தப் பேச்சே இல்லாவிட்டாலும், கோழிக்கழிவில் தழைச்சத்து மிகுதி. சாணிக்கென்று கட்டிய கலனில் அதை அள்ளிக் கொட்டினால் அம்மோனியா ஏறி வாயு உற்பத்தி படுத்துவிடும்.

கேள்வி: மகளிர் பெயரில் நார்க்கழிவுக் கட்டி போடும் யூனிட் தொடங்க நினைக்கிறோம். 20 லட்சம் ஆகும். 35 சதவீதம் மானியம் என்கிறார்களே, கையில் கிடைக்குமா? (பொள்ளாச்சி வாசகி)

கையில் கிடைக்காது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு ஏற்பார்கள். கிராமப் பகுதியில் பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர் போன்றோருக்கு 35 சதவீதம், மற்றவர்களுக்கு 25. சொந்தப் பங்கு முறையே 5, 10. உங்கள் கணக்கில் சொந்தப் பணம் 1 லட்சம், வங்கி 19 லட்சம். மானியமான 7 லட்சம் வங்கியிலேயே உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி வராது, கடனில் அதே அளவுக்கு வட்டியும் போடமாட்டார்கள். 3 ஆண்டு யூனிட் ஓடியிருந்தால் அது கடனில் கழியும். ஓடாவிட்டால் திரும்பிப் போகும். ஆகவே ஆரம்பத் தவணைக்கு மானியத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. ஏற்கெனவே ஓடும் யூனிட்டுக்குப் புதுப் பெயர் சூட்டிக் கொண்டுவந்தால் நிராகரிப்பார்கள். குடும்பத்தில் ஒருவருக்குத்தான். 10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் திட்டம் என்பதால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நார் சார்ந்த யூனிட்டுக்கு மாவட்டத் தொழில் மையம் மட்டுமல்ல, கயிறு வாரியம் வழியாகவும் மனுக் கொடுக்கலாம். சிறப்புப் பிரிவில் ‘எல்லைப் பகுதி’ என்று ஒரு சொல் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட் அந்த எல்லையில் சேராது.

வங்கிக்கு முன்பே போக வேண்டிய இடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 2021 முதல் தமிழ்நாட்டில் நார்க்கழிவு யூனிட்டுகள் ஆரஞ்சு வகை. அதற்கு முன் வெள்ளை வகையில் இருந்ததால், அனுமதியே தேவையில்லை என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நிறுவுவதற்கான இசைவு இல்லாமல் ஷெட் போட்டால் மின் இணைப்பிலேயே நின்றுவிடும்.

பிரச்சினையின் வேர் கழுவும் தண்ணீர். ஏற்றுமதிக்குப் போகும் கழுவிய பித்தில் (நார்க்கழிவுத் தூளில்) உப்பு அளவான ஈ.சி. 0.5க்குக் கீழே கேட்கிறார்கள். அதற்காக மீண்டும் மீண்டும் கழுவ, பழுப்பு நிற நீர் மண்ணில் இறங்கிப் பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கிறது. கசியாத தொட்டியும் நீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடும் திட்ட மதிப்பிலேயே இருக்கட்டும். காயவைக்கும் சிமெண்ட் களத்துக்கும் போதிய தொகை வையுங்கள். பொள்ளாச்சிக்கு இரண்டு பருவமழையும் எட்டும். களம் சின்னதாக இருந்தால் ஆர்டர் இருக்கும், காய்ந்த சரக்கு இருக்காது.

கட்டி போடும் முதலீடு இல்லாதவர்களுக்கு மக்கவைப்பது எளிய வழி. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, ஒன்றரை கிலோ சிப்பிக்காளான் விதை. 100 கிலோ பரப்பி அதன்மேல் விதை, அடுத்த 100 கிலோமேல் யூரியா என்று மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. நிழலில், கையில் பிழிந்தால் நீர் சொட்டாத ஈரத்தில் வைத்திருந்தால் இரண்டு மாதத்தில் கறுத்து மக்கும். கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு ஒன்றிலிருந்து 24க்கு ஒன்று வரை இறங்கும். மக்காத பித்தை நேரே வயலில் போட்டால் அது மண்ணின் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும்.

கேள்வி: தேங்காய்த் தொட்டிக்கரி (சிரட்டைக்கரி) சுட மானியம் உண்டா? (நெகமம் வாசகர்)

குழியில் சுடுவதற்கு இல்லை. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தொழில்நுட்ப இயக்கத்தில் தொட்டி சார்ந்த பொருள்களுக்கும் வங்கிக் கடனோடு சேர்ந்த உதவி உண்டு. அதற்கு முறையான யூனிட்டும் மாசு வாரிய இசைவும் வேண்டும். காய்ந்த தொட்டியின் எடையில் 25 முதல் 30 சதவீதம்தான் கரியாக மிஞ்சும், ஆக ஒரு டன் கரிக்கு மூன்றரை, நான்கு டன் தொட்டி. தொட்டி விலையை நான்கால் பெருக்கிக் கரி விலையோடு ஒப்பிட்டுவிட்டு வங்கிப் படி ஏறுங்கள்.

கேள்வி: தென்னை மட்டை, ஓலை, கடலைத் தோல் வைத்து எரிகட்டி செய்யலாம் என்கிறார்கள். மணிக்கு ஒரு டன் யூனிட்டுக்கு 9 லட்சம் மானியமா? (வடகரப்பதி வாசகர்)

தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில் எரிகட்டி ஆலைக்கு மணிக்கு ஒரு டன் திறனுக்கு 9 லட்சம், மொத்தம் 45 லட்சத்துக்கு மிகாமல் என்றுதான் அறிவித்தார்கள். ஆலையை ஓட்டிக் காட்டி, ஆய்வு முடிந்த பிறகே வரும். பழைய மெஷினுக்குக் கிடையாது. திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை பாய்லருக்கு விற்கலாம் என்பது சரிதான். ஆனால் மூலப்பொருளின் ஈரம் 10, 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டி வெடித்து உதிரும். ஓலையை வெட்டித் தூளாக்கும் கருவிக்கும் உலர்த்திக்கும் ஆகும் கரண்ட் செலவைப் பெரும்பாலான திட்ட அறிக்கைகள் குறைத்துக் காட்டுகின்றன. மண்ணோடு வரும் கடலைத் தோல் மெஷினின் அச்சைச் சீக்கிரம் தேய்க்கும். ஒரு ஷிப்டுக்கு 8 டன் என்றால் 25 நாளுக்கு 200 டன் காய்ந்த சரக்கு. அதை யார் தருவார்கள் என்று எழுத்தில் வாங்க முடியாதவர் இதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தரிசில் சோலார் வைத்து மின்சாரம் விற்க முடியுமா? (ஒழலப்பதி வாசகர்)

குசும் ‘ஏ’ பிரிவு. 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை, துணை மின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள். மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் போகும். மின்வாரியத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம். எந்தத் துணை மின் நிலையத்தில் இடம் இருக்கிறது என்று வாரியம் அறிவித்திருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். 2024 ஆகஸ்ட்டில் வேளாண் உள்கட்டமைப்பு நிதியை இந்தப் பிரிவோடும் இணைத்தார்கள். அந்த நிதியில் 2 கோடி வரையான கடனுக்கு 7 ஆண்டு வரை 3 சதவீத வட்டிச் சலுகை. தோப்பை வெட்டிப் பேனல் வைக்கக் கேட்பவர்களுக்கு நாங்கள் விடை எழுதுவதில்லை.

கேள்வி: “குசும் திட்டத்தில் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்” என்று முத்திரையோடு வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. (மீனாட்சிபுரம் வாசகர்)

மோசடி. இப்படிப்பட்ட போலித் தளங்களைப் பற்றி எம்.என்.ஆர்.இ. பலமுறை எச்சரித்திருக்கிறது. விவசாயி பங்குத் தொகையை மாநில நிறுவனம் சொல்லும் முறையில், நில ஆய்வுக்குப் பிறகுதான் கட்ட வேண்டும். தனியார் பெயரில் உள்ள யு.பி.ஐ.க்கு ஒருபோதும் இல்லை. பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

கேள்வி: கேரளத்தில் படிவமெல்லாம் மலையாளத்தில். எங்கள் வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாது. தமிழில் மனுக் கொடுத்தால் வாங்குவார்களா? (கோபாலபுரம் வாசகர்)

கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள உரிமை உண்டு. சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். கடிதம், புகார், நினைவூட்டலைத் தமிழில் கொடுத்து ரசீது கேளுங்கள். ஆனால் கணினியில் ஏற்றும் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். அதை அக்ஷயா மையத்தில் (கேரளத்தின் இணைய சேவை மையம்) நிரப்பும்போது சர்வே எண், கன்ஸ்யூமர் நம்பர், வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மூன்றையும் திரையில் நீங்களே படித்துச் சரிபாருங்கள். ஓ.டி.பி. வரும் செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும், மையத்துக்காரருடையதாக வேண்டாம்.